கண்களை மூடச் சொல்லாமல் தொடங்குங்கள்: வீடற்ற இளையோருக்கான மனவிழிப்புப் பயிற்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் மட்டக்களப்பு நகரின் ஒரு மண்டபத்தில் பதினொரு இளைஞர்களை வட்டமாக அமரவைத்து, கண்களை மெல்ல மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று சொன்னேன். மூன்று பேர் மூடினார்கள். இன்னும் சிலர் மூடியதுபோலப் பாவனை செய்துகொண்டு இமையிடுக்கால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் இருந்த ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். பயிற்சி முடிந்ததும் படிக்கட்டில் அவனருகே போய் அமர்ந்தேன். “கண்ண மூடினா அப்பாட சத்தந்தான் கேக்குது அண்ணன்” என்றான். வீட்டை விட்டு வெளியேறி, கடற்கரையில் ஒரு கரவலை வாடியில் படுத்துறங்கிவந்தவன் அவன். நாய் குரைத்தாலும், யாராவது டோர்ச் அடித்தாலும், நொடியில் எழுந்து இடம் மாறப் பழகியவன். கண்ணைத் திறந்து வைத்திருந்ததால்தான் அவன் அதுவரை தப்பியிருந்தான். அந்த ஒரு காவலையும் நான் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டு வாங்கப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழிகாட்டி அந்தப் பிழையிலிருந்து தொடங்குகிறது. இளைஞர் கழகங்களிலும், கோவில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்த தொண்டு அமைப்புகளிலும், சிறுவர் இல்லங்களிலும், பிரதேச செயலகங்களின் உளவளத்துணைப் பிரிவுகளிலும் இருந்துகொண்டு, நிலையான இருப்பிடம் இல்லாத 16 முதல் 25 வயது வரையானவர்களோடு பழகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தியான ஆசிரியராக இருக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு பயிற்சியையும் குறைந்தது ஒரு மாதமாவது நீங்களே செய்து பார்த்திருக்க வேண்டும்.

வீடற்றவர் என்றதும் நடைபாதையில் படுத்திருப்பவரையே நாம் நினைக்கிறோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடற்ற இளையோர் அப்படிக் கண்ணில் படுவது குறைவு. வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் மா மூட்டைகளுக்கு நடுவே படுப்பவர் இருக்கிறார். தாய் மத்திய கிழக்குக்குப் போனபின் பெரியம்மா வீட்டிலும் மாமா வீட்டிலும் மாறி மாறித் தங்கி, கடைசியில் இரண்டு இடத்திலும் வேண்டாதவராகிப்போனவர் இருக்கிறார். பதினெட்டு வயது நிரம்பியதும் சிறுவர் இல்லத்திலிருந்து ஒரு பையோடு வெளியே வந்தவர், கராஜில் திருத்த வந்த வானுக்குள் உறங்குபவர், காதலித்துப் புறப்பட்டு இரண்டு வீட்டாராலும் கைவிடப்பட்ட இளம் சோடி என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்களில் எவரிடமும் போய் “நீங்கள் வீடற்றவரா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். எனவே உங்கள் அறிவித்தலில் அந்தச் சொல்லை எழுதவே வேண்டாம். “மாலை நேரத் தேநீர், உடலுக்கும் மனத்துக்கும் சிறு பயிற்சி” என்று எழுதினால் போதும்.

இந்தப் பயிற்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் உங்களுக்கே தெளிவு வேண்டும். மைண்ட்ஃபுல்னஸ் என்று உலகெங்கும் சொல்லப்படும் இது, பௌத்த தியான மரபிலிருந்து எடுக்கப்பட்டு, 1979 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபட்-சின் என்பவரால் எட்டு வாரப் பாடத்திட்டமாக வடிவமைக்கப்பட்டது. வாரம் ஒருமுறை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கூடுவதும், நாள்தோறும் வீட்டில் முக்கால் மணி நேரம் பயில்வதும் அதன் அமைப்பு. வீடில்லாதவனுக்கு வீட்டுவேலை கொடுக்கும் அந்த அமைப்பை அப்படியே இங்கே இறக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். இது எல்லோருக்கும் ஏற்ற மருந்து என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பிரித்தானியாவில் 8,000 க்கும் மேற்பட்ட பாடசாலை மாணவரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளிவந்த பெரிய ஆய்வில், வகுப்பிலுள்ள எல்லோருக்கும் பொதுவாக இதைக் கற்பித்ததால் வழமையான பாடங்களைவிட மேலதிக நன்மை எதுவும் கிடைக்கவில்லை என்றே தெரியவந்தது. விரும்பாதவரை இருத்திவைத்துச் செய்விக்கும் வேலை இது இல்லை என்றே நான் அதை விளங்கிக்கொள்கிறேன். மேலும், அடையாள அட்டை இல்லாமல் அலையும் ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி அடையாள அட்டையைப் பெற்றுத் தராது. ஆனால் கிராம உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் நெஞ்சு படபடத்து வார்த்தை வராமல் திரும்பிவிடுகிற அந்தக் கணத்தில், இன்னும் இரண்டு நிமிடம் அங்கேயே நிற்பதற்கு அது உதவக்கூடும். அவ்வளவுதான் நான் இதற்குக் கொடுக்கும் மதிப்பு. அது சிறிய மதிப்பு என்று நான் நினைக்கவில்லை.

பயிற்சிக்கு முன்னர்

முதலில் உணவு. பசியோடு இருப்பவரிடம் உடலைக் கவனி என்றால் அவர் பசியைத்தான் கவனிப்பார். தேநீரும், அதோடு பணிஸ் அல்லது அவித்த கடலையாவது முதலில் கொடுத்துவிட வேண்டும். பயிற்சி முடிந்த பின் தருகிறோம் என்று வைத்துக்கொண்டால் உணவு கூலியாகிவிடும். நோன்பு மாதத்தில் நேரத்தை நோன்பு துறந்த பின்னருக்கு மாற்றிவிடுங்கள்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது கதவைப் பாருங்கள். ஒரே வாசல் உள்ள மண்டபமானால் அதைத் திறந்தே வைத்து, அதை மறைத்துக்கொண்டு நீங்கள் அமராமல் இருங்கள். யார் எங்கே அமர்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பெரும்பாலானோர் சுவரில் முதுகு சாய்த்து, வாசல் தெரியும்படிதான் இருப்பார்கள். வட்டம் கோணலாகிவிட்டதே என்று அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். இரவில் பூங்காவிலோ கடற்கரையிலோ கூட்டம் சேர்ப்பதைத் தவிருங்கள். அலைந்து திரிவோரைப் பிடிப்பதற்கென்று 1841 இல் பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டத்தின் நிழல், பொலிஸ் வண்டியைக் கண்டால் இந்த இளையோர் எழுந்து நடக்கும் வேகத்தில் இன்றும் தெரியும். மாலை நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், பகல் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவது பெண் பிள்ளைகளுக்கும் நல்லது. யுவதிகளுக்கு வேறாக ஒரு நாள் ஒதுக்கி, ஒரு பெண்ணே நடத்துவது இந்தப் பிரதேசத்தில் கட்டாயம் என்றே சொல்வேன்.

கடற்கரை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசியில் கிடைக்கும் தியானப் பதிவுகள் பல கடலலைச் சத்தத்தோடு, “நீங்கள் அமைதியான கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள்” என்று தொடங்குகின்றன. 2004 டிசம்பர் 26 இல் நாவலடி முதல் கல்முனை, திருக்கோவில், பொத்துவில் வரை சுனாமியாக எழுந்த கடல் என்ன செய்தது என்பதை அறிந்த எவரும் அந்தப் பதிவை இங்கே ஒலிக்கவிட மாட்டார். அன்று கைக்குழந்தையாக இருந்து பெற்றோரை இழந்தவர்களுக்கு இப்போது இருபது வயது கடந்திருக்கிறது. அவர்களுக்குப் பிறகு பிறந்தவர்களும் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். அதேபோல, பயிற்சி தொடங்கும்போதும் முடியும்போதும் வெண்கல மணியை ஓங்கி அடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளி எழுபவர்கள் நம்மிடையே ஏராளம். குரலால் சொன்னால் போதும்.

சமயம் தொடர்பாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓர் ஊரில் கோவில் ஒலிபெருக்கியும், அடுத்த தெருவில் பாங்கும், அதற்கப்பால் தேவாலய மணியும் கேட்கும் மாவட்டங்கள் இவை. ஓம் என்று தொடங்கினால் ஒருவர் விலகுவார்; பத்மாசனத்தில் அமரச் சொன்னால் இன்னொருவரின் வீட்டார் கேள்வி கேட்பார்கள். எனவே நாற்காலியோ பாயோ எது வசதியோ அதில் அமர்ந்து, எந்த வழிபாட்டுச் சொல்லும் இல்லாமல் நடத்துங்கள். அதேவேளை, தமக்குப் பழகிய சொல்லொன்றை மனத்துக்குள் சொல்ல விரும்புபவரைத் தடுக்கவும் வேண்டாம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், சைவருக்கு மந்திர உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்னும் இறைநினைவு என்று அவரவர் மரபில் இருந்த வழிகளையே மன இறுக்கத்தைத் தளர்த்தப் பயன்படுத்தினார். அந்த வழி இங்கேயும் பொருந்தும்.

முதல் நாளிலேயே மூன்று விடயங்களை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எந்தப் பயிற்சியையும் எந்த நேரத்திலும் நிறுத்தலாம், எழுந்து போகலாம், திரும்பியும் வரலாம் என்பது முதலாவது. யாரும் தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை என்பது இரண்டாவது. இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் துன்புறுத்தப்படுகிறார் என்றாலோ நான் சும்மா இருக்க மாட்டேன் என்பது மூன்றாவது. எல்லாவற்றையும் இரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்துப் பின்னர் மீறியவரை அவர்கள் மறப்பதில்லை.

எந்தச் சொல்லால் பேசுவது

பாளியில் இந்த விழிப்பு நிலைக்குச் ‘சதி’ என்று பெயர். தமிழில் அதை அப்படியே எழுதினால் நாம் ஏதோ சூழ்ச்சி செய்கிறோம் என்று ஆகிவிடும். மனவிழிப்பு என்ற சொல்லைத் தலைப்பில் வைத்திருக்கிறேனே தவிர, இளையோரிடம் அதையும் நான் சொல்வதில்லை. ஸ்ட்ரெஸ் என்ற சொல்லாலும் பயன் இல்லை. எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது. நம்முடைய பேச்சிலேயே இதற்கு வேண்டியது இருக்கிறது. நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, வயிறு பத்தி எரியுது, கை கால் ஓடல்ல, அந்தரமாக் கிடக்கு என்று நம்மவர் துன்பத்தைச் சொல்லும்போதே அது உடம்பில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். பயிற்சிப் புத்தகங்கள் பல வாரம் செலவிட்டுக் கற்பிக்கும் ஒன்றை நம் பேச்சு ஏற்கனவே செய்து வைத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது மட்டுமே உங்கள் வேலை. “இண்டைக்கு எங்க பிடிச்சிருக்கு?” என்று கேளுங்கள். நெஞ்சைத் தொட்டுக் காட்டுபவரிடம், அது இறுக்கமா, சூடா, பாரமா, அசைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

யோசனை என்ற சொல்லும் அப்படித்தான். நம்மிடையே யோசனை என்றால் சிந்தனை மட்டுமில்லை. விடாமல் சுற்றிச் சுற்றி வருகிற கவலையும் அதுதான். “ஒரே யோசினையா இருக்கு” என்று சொல்பவருக்கு, யோசிக்காதே என்று புத்தி சொல்வதால் யோசனை நிற்பதில்லை. யோசனை வந்தால் ‘யோசனை வந்திற்று’ என்று ஒருமுறை மனத்துக்குள் சொல்லிவிட்டு, காலடிக்கோ கையிலிருக்கும் கோப்பைக்கோ திரும்பி வா என்பதே இந்தப் பயிற்சி முழுவதற்கும் அடிப்படை. எத்தனை முறை போனது என்பது கணக்கில்லை. திரும்பி வந்ததே பயிற்சி.

கச்சானும் காலடியும்

பெயர்பெற்ற அந்த எட்டு வாரப் பாடத்திட்டம், பிளம்ஸ் என்று நாம் சொல்லும் உலர்ந்த முந்திரிகை ஒன்றைக் கையில் வைத்து, அதைப் பார்த்து, தடவி, முகர்ந்து, நாக்கில் வைத்து, வெகுநேரம் கழித்து விழுங்கும் பயிற்சியோடு தொடங்கும். வயிறு நிறைந்தவர்களுக்கு அது புதுமை. நாள் முழுவதும் சாப்பிடாத ஒருவரிடம் ஒரேயொரு பிளம்ஸைக் கொடுத்து ஐந்து நிமிடம் விழுங்காதே என்றால், அதைவிட வன்மம் வேறில்லை. நான் அதற்குப் பதிலாகக் கச்சானை, அதாவது நிலக்கடலையை, எடுத்துக்கொண்டேன். மணலில் வறுத்த கோதுக் கச்சான், ஆளுக்கு ஒரு சரை (கடதாசிச் சுருள்). எண்ணிக் கொடுப்பதில்லை.

முதலில் இரண்டு மூன்றை இஷ்டம்போல உடைத்துச் சாப்பிடட்டும். அதன் பிறகு, அடுத்ததை மட்டும் சற்று மெதுவாக உடைப்போம் என்று சொல்லுங்கள். கோதின் முதுகில் ஓடும் வரிகளைப் பெருவிரலால் தடவிப் பார்க்கட்டும். உடைவதற்கு முன் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று விரல் அறியட்டும். அது ‘டக்’கென்று உடையும் சத்தம் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும், பத்துப் பேர் இருந்தால் மண்டபத்தில் சிறு மழை பெய்வதுபோலக் கேட்கும். பிறகு பருப்பை உள்ளங்கையில் இட்டு, மறு உள்ளங்கையால் மெல்லத் தேய்க்கச் சொல்லுங்கள். செந்நிறத் தோல் உரிந்து கையில் நிற்கும். இப்போது ஊதித் தோலைப் பறக்க விட வேண்டும். ஆனால் பருப்பு கையிலிருந்து உருண்டு விழக் கூடாது. பலமாக ஊதினால் பருப்பும் போய்விடும். மெதுவாக, நீளமாக, உதட்டைக் குவித்து ஊத வேண்டும். தோல் முழுவதும் போவதற்கு மூன்று நான்கு ஊதல் தேவைப்படும்.

மூச்சைக் கவனி என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் வெளிமூச்சை நீட்டிவிடும் வேலை அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அச்சத்திலும் கோபத்திலும் மூச்சு நெஞ்சின் மேற்புறத்தில் மட்டும் ஓடிக் குறுகிவிடும், இதயம் வேகமாக அடிக்கும். வெளிவிடும் மூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துக்கு ‘மெல்லப் போ’ என்ற கட்டளை கிடைக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். கச்சான் ஊதும்போது அது அதைவிடக் குறைந்துவிடும். இந்த விளக்கத்தைப் பயிற்சிக்குப் பின்னர் சொல்லுங்கள், முன்னர் சொல்லாதீர்கள். முதல் நாள் எழுந்து போன அந்த இளைஞன் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, சரையைக் கையில் வாங்கிக்கொண்டே, “இதுக்கும் கண்ண மூடணுமா அண்ணன்?” என்று கேட்டான். மூடினால் பருப்பு விழுந்துவிடும் என்றேன். சிரித்துவிட்டு இருந்தான். மே மாதத்துக்குப் பின்னர், கச்சான் என்றே பெயர்பெற்ற தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் வாசலோரம் இருந்து இதைச் செய்தால், யாருடைய தோல் எவ்வளவு தூரம் போகிறது என்பது தனி விளையாட்டாகிவிடும்.

கச்சான் ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தாலும் அன்று கச்சானைக் கொண்டுவர வேண்டாம். ஆவி பறக்கும் தேநீரை ஊதி ஊதிக் குடிப்பதும் இதே வேலையைச் செய்யும்.

கச்சானுக்கு அடுத்தது காலடி. நின்றபடி, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, பாரம் குதிகாலில் அதிகமா விரல்களில் அதிகமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, தாம் வழமையாக நடக்கும் வேகத்தில் பாதி வேகத்தில், குதிகால் படுவதையும் விரல் எழுவதையும் கவனித்து நடக்கட்டும். மிக மெதுவாக நடக்கச் சொன்னால் சிரிப்பு வந்து கூட்டம் கலைந்துவிடும். சிரிப்பதும் நல்லதுதான், ஆனால் வீதியில் அப்படி யாரும் நடக்க முடியாது. நான் இதற்கு ஓர் எல்லையை வைத்திருக்கிறேன்: பஸ் நிலையத்தில் யாரும் கவனிக்காதபடி செய்ய முடியாத எந்தப் பயிற்சியையும் நான் கற்பிப்பதில்லை.

கேட்டல் பயிற்சியும் இந்த எல்லைக்குள் வரும். மட்டக்களப்பு வாவியில் நிலா வெளிச்ச இரவுகளில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்பார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. கேட்டவரைவிடக் கேட்டதாகச் சொல்பவர் அதிகம் என்பது வேறு. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு நாமும் துடுப்பில் காது வைப்போம் என்று தொடங்கலாம். மிகத் தொலைவில் கேட்கும் சத்தம் எது, மிக அருகில் கேட்பது எது, இரண்டுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று மூன்று கேள்விகள் மட்டும். புகையிரதத்தின் கூவல், முச்சக்கர வண்டி, மின்விசிறி, பக்கத்திலிருப்பவரின் வயிற்று இரைச்சல் வரை வரும். நல்ல சத்தம் கெட்ட சத்தம் என்று பிரிக்க வேண்டாம்.

மூச்சை மட்டும் தனியாகக் கவனிக்கும் பயிற்சியை நான்காம் ஐந்தாம் வாரத்துக்கு முன் கொண்டுவராதீர்கள். அதுவும் கண் திறந்தபடி, பார்வையைத் தரையில் ஓரிடத்தில் வைத்து, மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல். மூச்சைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்பவர் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கும், கழுத்து நெரிக்கப்பட்ட அனுபவம் உள்ளவருக்கும் அது இயல்பு. அவர்களைக் காலடியிலேயே இருக்க விடுங்கள்.

இரவும் வீதியும்

இந்த இளையோருக்குப் பகலைவிட இரவே கடினம். உறங்குவதற்கு முன் உடலைத் தளர்த்துங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை பூட்டிய கதவுக்குப் பின்னால் படுப்பவருக்கானது. நாம் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் படுக்கும் இடத்தை வேண்டுமென்றே, நிதானமாகச் சுற்றிப் பார்க்கட்டும்: வெளியேறும் வழி எது, பக்கத்தில் யார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, செருப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா. அதை ஒருமுறை முழுமையாகச் செய்து, “பார்த்தாயிற்று” என்று மனத்துக்குள் சொல்லி முடிக்கட்டும். அதன் பின்னரே முதுகு சுவரில் படும் இடம், தோளின் பாரம், நீளமான நான்கைந்து வெளிமூச்சு. பார்த்து முடிக்காத காவல்தான் இரவு முழுவதும் பாதி விழிப்பில் வைத்திருக்கிறது. பார்த்து முடித்த காவல் சற்று நேரமாவது உறங்கவிடும்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் வீடற்ற இளையோருக்காக அமைக்கப்பட்ட ஒரு பயிற்சி இந்த வகையில் எனக்குப் பிடித்தது. அங்கே மனவிழிப்பை அமைதிக்கான வழியாக மட்டும் கற்பிக்காமல், ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்ளும் திறனாகவும் கற்பித்தார்கள்: தன் உடம்பு என்ன சொல்கிறது, எதிரே நிற்பவரின் நடத்தை எப்படி மாறுகிறது, இடம் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் கவனிப்பது. போதை ஏறியிருக்கும்போதும், தலை முழுவதும் யோசனை நிறைந்திருக்கும்போதும் இந்த அறிகுறிகள் தப்பிவிடுகின்றன. வேலை தருகிறேன், படுக்க இடம் தருகிறேன், கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன் என்று வருபவரின் முன்னால் வயிற்றில் ஏதோ பிசைந்தால் அந்தப் பிசைவை மதிக்கக் கற்றுக்கொள்வதும் இந்தப் பயிற்சிதான். அதை ஒரு முழு வாரம் பேசுங்கள். ‘உங்கட வயிறு எப்ப சரியாச் சொன்னது?’ என்று கேட்டால், வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்குவார்கள்.

தடம் மாறும்போது

பயிற்சியின் நடுவில் ஒருவரின் பார்வை வெறித்து, கூப்பிட்டாலும் கேட்காமல், அல்லது உடல் நடுங்கி வியர்த்து, மூச்சு வேகமாக வாங்கத் தொடங்கினால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். தொடாதீர்கள். தோளில் தட்டுவதும் தலையைத் தடவுவதும் நம் வழக்கம் என்றாலும் இங்கே அது கூடாது. சற்று விலகிப் பக்கவாட்டில் அமர்ந்து, பெயரைச் சொல்லி, “தம்பி, நாம மண்டபத்திலதான் இருக்கம். மணி அஞ்சு இருபது. அந்தச் சுவரில என்ன நிறம் அடிச்சிருக்கு?” என்று மெதுவாகக் கேளுங்கள். தண்ணீர்க் கோப்பையைக் கையில் கொடுத்து அதன் குளிரைப் பிடிக்கச் சொல்லுங்கள். எழுந்து நடப்பது பெரும்பாலும் உதவும். ஆறியதும், என்ன நினைவு வந்தது என்று துருவாதீர்கள். அன்று அவர் எங்கே போவார், யாரோடு போவார் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

ஐஸ் என்ற போதைப்பொருளை அடித்தோ, கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைக் குடித்தோ வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். தேநீர் கொடுத்து ஓரமாக இருக்கவிடுங்கள், பயிற்சியில் மட்டும் சேர்க்காதீர்கள்.

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காமல், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து அவரோடு சேர்ந்து பேசலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கான சிறுவர் உதவி இலக்கம் 1929, பெண்களுக்கானது 1938, அவசர அம்புலன்ஸ் 1990. இந்த நான்கையும் ஒரு கடதாசியில் பெரிதாக எழுதி வாசலருகே ஒட்டிவிடுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்கு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ உளநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்பதைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்னரே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையும் முகம் தெரியும் அளவுக்காவது பழகியிருக்க வேண்டும். அந்தரத்தில் முதன்முதலாக ஒருவரைத் தேடிப்போவது வேலைக்காகாது.

வாரங்களின் ஒழுங்கு

எட்டு வாரம், வாரம் இருமுறை, நாற்பது நிமிடம் என்று நான் வைத்திருக்கிறேன். அதில் பயிற்சி பதினைந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மிச்சமெல்லாம் தேநீரும் பேச்சும். இன்று வந்தவர் வெள்ளிக்கிழமை வருவாரா என்பது அவருக்கே தெரியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் தனித்து முழுமையாக இருக்க வேண்டும். ‘போன கிழமை செய்ததை நினைவிருக்கிறதா?’ என்று தொடங்கினால் புதிதாக வந்தவர் அப்போதே அந்நியராகிவிடுவார். வரவு இடாப்பு எடுப்பதும், படம் பிடிப்பதும் வேண்டாம். நன்கொடை தந்தவருக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்த ஒரு படம் முகநூலில் ஏறினால், வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்தவளைத் தேடுபவர்களுக்கு அதுவே முகவரியாகும். பயன் இருக்கிறதா என்று அறிய, வரும்போதும் போகும்போதும் ‘இறுக்கம் பத்தில எத்தனை?’ என்று கேட்டு, பெயரின்றி ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதுமானது. குறையாத நாட்களும் இருக்கும், அவற்றையும் எழுதுங்கள்.

நடத்துபவர் இருவராக இருப்பது நல்லது. ஒருவர் வெளியே போனவரோடு இருக்கும்போது மற்றவர் உள்ளே இருக்கலாம். கேட்ட கதைகளின் பாரம் வீட்டுக்குப் போகும் வழியில் பேசித் தீர்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

எட்டாம் வாரம் சான்றிதழ் கொடுத்து, பதாகையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும் வழக்கத்தை இந்த வேலையில் மட்டுமாவது விட்டுவிடுங்கள். விட்டுப்போனவர்களை அவர்கள் ஏற்கனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். இரு நாளில் ஒரு நாளையாவது வைத்துக்கொண்டு, அதே நேரத்துக்குக் கதவைத் திறந்து, கேத்திலை அடுப்பில் ஏற்றுங்கள். ஒருவர் வந்தாலும் அதே தேநீர், அதே கச்சான். ஒருவரும் வராவிட்டால் குறித்த நேரம் முடியும்வரை கதவைப் பூட்டாமல், வாசல் தெரியும்படி அமர்ந்து, ஒரு சரையை நீங்களே மெதுவாக உடைத்து ஊதிக்கொண்டிருங்கள்.